சிரிக்கவைத்த கையின் சாட்சியம்

சித்திரக்கதையை நாம் இலக்கியத்தின் திண்ணையில் அமர்த்தியிருக்கிறோம், வீட்டுக்குள் அழைத்ததில்லை. அதிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிரிப்புப் படங்கள் என்றால் திண்ணைகூட இல்லை, வாசலோடு சரி. இப்பழக்கம் சரிதானா என்று நம்மைக் கேட்கவைக்கும் வாழ்க்கை, கனடாவின் கேட் பீட்டனுடையது.

பீட்டன் 1983இல் பிறந்தவர். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள மாபூ அவரது ஊர். நிலக்கரியும் மீன்பிடியும் சோறிட்ட தீவு அது. அத்தொழில்கள் நலிந்தபின், பிழைப்புத் தேடி வெளியேறுவது அங்கே தலைமுறை வழக்கமாயிற்று. மவுண்ட் அலிசன் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மானிடவியலும் பயின்று 2005இல் வெளிவந்தபோது, கையில் பட்டமும் தலைமேல் கல்விக்கடனும் இருந்தன. கடனை அடைக்க அவர் சென்ற இடம் ஆல்பர்ட்டா மாகாணத்தின் எண்ணெய் மணல் வயல்கள். தொழிலாளர்களுக்குக் கருவிகளை எடுத்துக்கொடுத்துக் கணக்கு வைக்கும் அறையில் வேலை. தங்கியது தொழிலாளர் முகாம்களில். இடையில் ஓராண்டு, விக்டோரியா நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். படித்த படிப்புக்கேற்ற வேலைதான். ஆனால் அந்த ஊதியத்தில் கடன் கரையவில்லை. மீண்டும் வயல்களுக்கே திரும்பினார். 2008இல் கடன் தீர்ந்தது, அங்கிருந்து கிளம்பினார்.

‘ஹார்க்! எ வேக்ரண்ட்’ என்னும் அவரது இணையச் சித்திரக்கதை 2007இல் தொடங்கியது இந்த அலைச்சலுக்கு நடுவில்தான். நெப்போலியன், டெஸ்லா, பிரான்டி சகோதரிகள் என வரலாற்று மாந்தரும் இலக்கிய மாந்தரும் ஓரிரு கோடுகளில் அதில் உயிர்பெற்று வந்தனர். 2011இல் அது நூலாயிற்று. 2015இல் ‘ஸ்டெப் அசைட், பாப்ஸ்’ என்ற இரண்டாம் தொகுப்பு வந்தது. 2018இல் தொடரை முடித்துக்கொண்டார். வேலைக்கேற்ற வாழ்வு கிடைக்காத வரலாற்று மாணவி ஒருத்தி, தான் கற்ற வரலாற்றைச் சிரிப்பாக்கிக் காத்துவைத்தாள் என்றே இதை நாம் வாசிக்கிறோம்.

பிரான்டி சகோதரிகளைப் பற்றிய அவரது படம் ஒன்று பலரும் அறிந்தது. முரட்டுத்தனமான ஆண்களைக் கண்டு ஷார்லட்டும் எமிலியும் உருகி நிற்க, ஆன் மட்டும் அவர்களை உள்ளபடி காண்கிறாள். அதனாலேயே அவள் பேச்சு எடுபடுவதில்லை. படிக்கையில் சிரிப்பு வருகிறது. ஆனால் ஆண்கள் மிகுந்து பெண்கள் மிகச் சிலரே இருந்த முகாம்களில் வாழ்ந்தவரின் கண் அது என்பதை அறிந்தபின், அதே படம் வேறாகத் தெரிகிறது.

அந்த முகாம் வாழ்வை அவர் நேராகச் சொல்லப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 2014இல் ஒரு சிறு வடிவத்தை இணையத்தில் வெளியிட்டார். 2022இல் நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘டக்ஸ்’ என்னும் நினைவுக்குறிப்பு வந்தது. நூலுக்குப் பெயர் தந்தவை வாத்துகள்: 2008இல் சின்குரூட் நிறுவனத்தின் கழிவுநீர்த் தேக்கத்தில் இறங்கி மாண்டவை ஏறத்தாழ 1,600. அந்நிறுவனம் 2010இல் 30 லட்சம் கனடிய டாலர் கட்ட நேர்ந்தது. வாத்துகளின் சாவு உலகச் செய்தியாயிற்று. முகாம்களில் மனிதர் தேய்ந்ததை யார் எண்ணினார்கள் என்பதே நூலின் கேள்வி. அன்றாடச் சீண்டலையும், தமக்கு நேர்ந்த பாலியல் வன்முறையையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் அங்கிருந்த ஆண்களை அரக்கர்களாக வரைந்து தப்பித்துக்கொள்ளவுமில்லை. தம் வீட்டு ஆண்கள் அங்கே போனால் எப்படி மாறுவார்கள் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது எளிதன்று.

இந்நூல் 2023இல் ‘கனடா ரீட்ஸ்’ போட்டியில் வென்றது. அப்போட்டியில் வென்ற முதல் சித்திர நூல் இதுவே. அதே ஆண்டு இரண்டு ஐஸ்னர் விருதுகளையும் பெற்றது. சிரிப்பை விட்டு வெளியேறிய பிறகே பீட்டன் இலக்கியம் படைத்தார் என்று சிலர் கூறக்கூடும். நாம் அதை ஏற்கவில்லை. ஒரு மனிதரை நான்கு கோடுகளில் பிடிக்கும் பயிற்சி, ஒரு கட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசவிட்டு நிறுத்திக்கொள்ளும் அடக்கம், அதிகாரம் செய்பவரின் அசட்டுத்தனத்தைக் காணும் கண் ஆகிய மூன்றும் இணையத்தில் இலவசமாகத் தந்த அந்தச் சிறு படங்களில் பழகியவை. ‘டக்ஸ்’ நூலின் கனம் அவற்றின் மேல்தான் நிற்கிறது. விருது பெற்றதை மட்டும் இலக்கியம் என்று ஏற்று, அதை வளர்த்த சிரிப்பைப் புறந்தள்ளுவது, பழத்தைத் தின்றுவிட்டு மரத்தைப் பழிப்பதாகும்.

கலைப்பாடம் கற்பிக்கும் நமக்கு இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. கல்விக்கடனோடு வகுப்பில் அமரும் பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். வரலாறோ இலக்கியமோ படி, உள்ளம் விரியும் என்று அவர்களிடம் சொல்கிறோம். அந்த விரிவுக்கு அவர்கள் எங்கே போய், எதைக் கொடுத்து விலை கட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. பீட்டன் விலையைக் கட்டிவிட்டு வந்து, கணக்கை வரைந்து காட்டியிருக்கிறார். படித்துப் பார்ப்பது நம் கடன்.