கணினி கெட்டுப்போகவில்லை, அளவுதான் தப்பு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலிருந்து நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. "பழைய லேப்டாப்பை என்ன செய்வது?" பிள்ளைகளைக் கேட்டால், "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கப்பா" என்கிறார்கள். லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களிலும் சிலருக்குப் பென் டிரைவைச் செருகி ஆன் செய்தால் ஒன்றுமே வருவதில்லை. உடனே, "இது லினக்ஸ் ஏத்துக்காத மிஷின் சார்" என்று தீர்ப்பு வந்துவிடும். கருவி காயலான் கடைக்குப் போகும்.

இந்தத் தீர்ப்பை அப்படியே நம்பாதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஏத்துக்காத மிஷின் என்று சொல்லப்படுபவற்றில் ஒரு வகைக்கு நோய் மிஷினில் இல்லை. பூட் லோடரைக் கட்டியவர் எடுத்த அளவில் இருக்கிறது.

பூட் லோடர் என்பது, கணினியை ஆன் செய்ததும் லினக்ஸையோ விண்டோஸையோ வட்டிலிருந்து தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றிவிட்டு, தான் ஒதுங்கிக்கொள்ளும் சின்ன நிரல். பழைய பயாஸ் காலத்தில் அதன் முதல் துண்டுக்குக் கிடைத்த இடம் வட்டின் முதல் 512 பைட். அதிலும் வட்டுப் பிரிவுகளின் பட்டியலுக்கு 64, முத்திரைக்கு 2 போக, மிச்சம் 446 பைட்தான். பின்னால் யு.இ.எஃப்.ஐ. வந்தது. இப்போது பூட் லோடர் ஒரு சாதாரணக் கோப்பாக வட்டில் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸ் உலகில் அதிகம் புழங்குவது கிரப். எரிக் போலின் என்பவர் 1995-இல் தொடங்கிய வேலை அது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுமார் 2013, 2014-இல் இன்டெல் ஆட்டம் சிப் போட்ட மலிவு விலைக் கருவிகள் நிறைய வந்தன. 2 ஜி.பி. நினைவகம், 32 ஜி.பி. சேமிப்பு, 10 அங்குலத் திரை. சிப் 64 பிட். ஆனால் பலவற்றில் யு.இ.எஃப்.ஐ. மட்டும் 32 பிட். யு.இ.எஃப்.ஐ. தன் பிட்டுக்குப் பொருந்தும் கோப்பை மட்டுமே ஏற்கும். 64 பிட் லினக்ஸ் பென் டிரைவ்களில் பலவும் 64 பிட் பூட் லோடரோடு மட்டும் வந்தன. கருவிக்கு அது கண்ணிலேயே படாது. பூட்டு நல்ல பூட்டு, சாவியும் நல்ல சாவி. ஒன்றுக்கொன்று சேரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து, கிரப்பை மூல நிரலிலிருந்து கட்டும்போது சொல்லும் இரண்டே சொற்கள். கட்டுவதற்கு முன் 'கான்ஃபிகர்' என்று ஒரு படி உண்டு. துணியை வெட்டுமுன் அளவெடுப்பது போல. அங்கே 'டார்கெட்' என்ற இடத்தில் எந்தச் சிப்புக்கான நிரல் என்றும், 'பிளாட்ஃபார்ம்' என்ற இடத்தில் பயாஸா யு.இ.எஃப்.ஐ.-யா என்றும் சொல்ல வேண்டும். நான் சொல்லும் கருவிகளுக்கு டார்கெட் ஐ386, பிளாட்ஃபார்ம் இ.எஃப்.ஐ. எதுவும் சொல்லாமல் விட்டால் சாதாரண 64 பிட் லினக்ஸ் கணினியில் அது பழைய பயாஸுக்கான கிரப்பையே கட்டும். அளவு சொல்லாவிட்டால் தையல்காரர் பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தானே தைப்பார்! அளவெடுத்து முடிந்ததும் எந்த பிளாட்ஃபார்முக்குக் கட்டப்போகிறது என்று கடைசியில் ஒரு சுருக்கம் திரையில் வரும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரிடம் இப்படி ஒரு கருவி இருந்தது. பழுது பார்க்கும் கடையில் "போர்டு போயிடுச்சும்மா" என்று கைவிரித்துவிட்டார்கள். என் கணினியில் கிரப்பைக் கட்டி, எஃப்.ஏ.டி., ஈ.எக்ஸ்.டி. வடிவங்களைப் படிக்கவும் லினக்ஸை ஏற்றவும் தேவையான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் இ.எஃப்.ஐ. என்ற கோப்புறைக்குள் இருக்கும் பூட் கோப்புறையில் 'பூட்ஐஏ32' என்ற பெயரில் வைத்தேன். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருந்தது. நாமே கட்டிய கோப்பில் அதற்கான கையெழுத்து இருக்காதல்லவா? பட்டியல் திரையில் வந்தது. இப்போது அந்த அம்மா அதில்தான் கடிதம் எழுதுகிறார், பழைய பாட்டு கேட்கிறார்.

லினக்ஸைத் தொகுத்து வெளியிடுகிறவர்கள் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 64 பிட் லினக்ஸ் 32 பிட் யு.இ.எஃப்.ஐ.-யிலிருந்து கிளம்பும் வசதி 2014-இல் வந்த 3.15 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. 2015-இல் வந்த டெபியன் 8 இந்தக் கருவிகளையும் கவனித்துக்கொண்டது. ஆகவே முடியாத காரியம் அல்ல. ஜி.பி. கணக்கில் இறக்கும் தொகுப்பில் இந்தச் சின்னக் கோப்புக்கா இடமில்லை?

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வகையையும் சோதிக்க வேண்டும், காலாகாலத்துக்கும் பராமரிக்க வேண்டும். 2020 ஜூலையில் கிரப்பில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. கிரப் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும் இடத்தில் இருந்த தவறு அது. செக்யூர் பூட்டையே தாண்டிப் போக வழி விட்டதால், தொகுப்பாளர்கள் எல்லாரும் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. பூட் லோடரில் எதைக் கூட்டினாலும் பொறுப்பும் கூடுகிறது என்பது மெய்தான். அதனால்தான் எல்லாவற்றையும் திணிக்கச் சொல்லவில்லை. சேர்க்க முடியாவிட்டால், "32 பிட் யு.இ.எஃப்.ஐ. கருவிகளில் இது கிளம்பாது" என்று இறக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்கிறேன். சொல்லாமல் விடுவதால்தான் நல்ல கருவிக்குக் கெட்ட பெயர் வருகிறது.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. கருவியைப் போடுமுன் விண்டோஸ் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். சிஸ்டம் 32 பிட், பிராசசர் எக்ஸ்64 என்று இருந்து, கருவி யு.இ.எஃப்.ஐ. முறையில் கிளம்புவதாகவும் இருந்தால், அது நான் சொன்ன ரகம். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பதை அழிக்க வேண்டாம். உங்களுக்குக் கை வராவிட்டால் கணினி படிக்கும் பேரனிடம் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கழிப்பதா வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள்தான். யாரோ எங்கேயோ எடுத்த அளவு அதைத் தீர்மானிக்கக்கூடாது.