நண்டுக்கும் தும்பிக்கும் என்ன உறவு?

சில கிழமைகளுக்கு முன் ஒரு தமிழ் விழாவுக்குச் சென்றிருந்தேன். அங்கே பேச வந்த அன்பர் தொல்காப்பிய மரபியலை எடுத்துக்கொண்டார். புல் முதலாக மக்கள் ஈறாக உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை வகுத்திருக்கும் பகுதியை அழகாக விளக்கினார். நண்டையும் தும்பியையும் தொல்காப்பியர் நான்கறிவுயிர் என்று ஒரே வகுப்பில் வைத்திருப்பதையும் சொன்னார். அவ்வளவோடு நின்றிருக்கலாம். "நண்டும் தும்பியும் ஓரினம் என்பதை மேனாட்டார் நேற்றுத்தான் கண்டனர். எம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டுவிட்டனர். கிளை என்ற சொல்லை அங்கே ஆண்டிருப்பதே சான்று. கூர்ப்புக் கொள்கை முழுவதும் அதற்குள் அடக்கம்" என்று முழங்கினார். சபை கரகோஷம் செய்தது.

யான் கைதட்டவில்லை. அன்பர்மீது கோபமும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே கருத்தை வகுப்பில் சொன்னவன் யான். அன்று பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அப்படியென்றால் எறும்பை ஏன் மூவறிவில் வைத்தார்? தும்பிக்கு நண்டைவிட எறும்பல்லவோ கிட்டின சொந்தம்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "இரு, பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். அந்தப் 'பிறகு' என்னை விடவில்லை. விஞ்ஞான ஆசிரியரிடம் நூல்களை இரவல் வாங்கிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றிற் சிலவற்றை வாசகர்முன் வைத்து, பின்னர் என் கருத்தைச் சொல்கிறேன்.

நண்டு, இறால், தேள், சிலந்தி, மட்டத்தேள், எறும்பு, தும்பி ஆகிய எல்லாவற்றையும் விஞ்ஞானிகள் கணுக்காலிகள் என்னும் ஒரு பெருங்கணத்துள் அடக்குவர். உடலுக்கு வெளியே ஓடு, அந்த ஓட்டுக்குள் பொருத்துப் பொருத்தாய்க் கால்கள், வளருந்தோறும் பழைய ஓட்டைக் கழற்றிவிடும் இயல்பு என்பன அவற்றின் பொதுவிலக்கணம். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இவையே.

இவற்றின் பழைய வரலாறு கல்லிலே எழுதப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 52 கோடி ஆண்டுகளுக்கு முன் முக்கூற்றுடலிகள் என்னும் கடற்பிராணிகள் தோன்றின. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு மறைந்தன. அவற்றுள் 20,000க்கு மேற்பட்ட இனங்களை அறிஞர் பெயரிட்டுள்ளனர். ஒரு பிராணி தன் வாழ்நாளிற் பல ஓடுகளைக் கழற்றுமாதலால், ஓர் உயிர் பல உயிர்ச்சுவடுகளை விட்டுச் செல்வதுண்டு. ஓடு கெட்டியாக இருந்தால் சுவடு எளிதில் நிலைக்கும். மெல்லுடல் நிலைப்பது அரிது.

அந்த அரியது கிடைத்த இடம் கனடாவின் றொக்கி மலையிலுள்ளது. 1909ஆம் ஆண்டில் சாள்ஸ் வால்கொற் என்னும் அமெரிக்க அறிஞர் பேர்ஜெஸ் மாக்கற் படையைக் கண்டார். அங்கே 50 கோடியே 80 இலட்சம் ஆண்டுப் பழைமையுடைய உயிர்கள், கண்ணும் குடலும் செவுளும் தெரியக் கல்லின்மேற் படலமாய்ப் பதிந்திருந்தன. அவர் 65,000க்கு மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டினார். ஆயினும், பலவற்றைத் தமக்குத் தெரிந்த இக்கால இனங்களின் பெட்டிகளுக்குள்ளேயே இட்டு மூடினார்.

அதன் விளைவை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். 1892இல் யோசப் வைற்றீவ்ஸ் என்பவர் அப்பகுதியிற் கிடைத்த ஒரு சுவட்டைத் தலையற்ற இறாலுடல் என்று கருதி, 'விசித்திர இறால்' என்று பொருள்பட அனோமலோகாரிஸ் எனப் பெயரிட்டார். 1911இல் வால்கொற் நடுவே துளையுடைய வட்டமான ஒரு சுவட்டை இழுதுமீன் என்றார். நீண்ட வேறொன்றைக் கடலட்டை என்றார். எழுபது ஆண்டுக்கு மேல் மூன்றும் மூன்று உயிர்களாகவே இருந்தன. கேம்பிறிட்ஜ் அறிஞர் ஹரி விற்றிங்ரன் ஒரு கற்றுண்டின் மேற்படையை மெல்ல மெல்ல நீக்கிப் பார்த்தார். 'இறால்' என்று எண்ணிய உறுப்பும் 'இழுதுமீன்' என்று எண்ணிய வட்டமும் ஒரே உடலில் ஒட்டியிருந்தன. முன்னது இரைபிடிக்கும் முற்கை, பின்னது வாய், 'கடலட்டை' உடல்! 1985இல் அவரும் டெரெக் பிறிக்ஸ் என்பவரும் இதனை வெளியிட்டனர். யானை பார்த்த குருடர் கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கே குருடர் கண்ணுள்ள பேரறிஞர், அவ்வளவே வேறுபாடு. இந்த உயிர் கணுக்காலிகளின் குலமரத்தில் மிகப் பழைய பக்கக் கிளையொன்றைச் சேர்ந்தது என்பது இன்றைய கொள்கை.

இனித் தும்பிக்கு வருவோம். பிரான்சு தேசத்தின் கொமாந்திரி நிலக்கரிச் சுரங்கத்திற் கிடைத்த மெகனியூரா என்னும் பெரும்பூச்சிக்கு 1885இற் பெயரிட்டனர். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பறந்த அது, குளத்தின்மேற் பறக்கும் நம் தும்பிக்கு ஒன்றுவிட்ட பாட்டன் முறையானது. சிறகு விரித்தால் இரண்டடிக்கு மேல். நண்டுக்கும் தும்பிக்கும் உள்ள உறவோ கல்லிலன்றி உயிரணுவிலே தெளிவாயிற்று. 2010ஆம் ஆண்டில் 75 கணுக்காலி இனங்களின் 62 பரம்பரையலகுகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. பூச்சிகள், நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டினப் பெருங்குடியின் உள்ளிருந்தே கிளைத்தவை என்பதை அது வலியுறுத்தியது.

'அப்படியானால் விழாவிற் பேசிய அன்பர் சொன்னது சரிதானே?' என்று வாசகர் கேட்கலாம். முடிபு ஒத்தால் மட்டும் போதாது. ஏதுவும் ஒத்தல் வேண்டும். காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பதற்காகக் காக்கையைப் பழம் பறிப்பவனாகக் கொள்வாரில்லை. தும்பி என்பது செய்யுள் வழக்கில் வண்டினத்தைக் குறிக்கும். நம் பேச்சு வழக்கு வேறு. எதுவாயினும் அது பூச்சி. பூச்சியாயின் அதற்கு நண்டைவிட எறும்பே நெருங்கிய உறவு. தொல்காப்பியரோ எறும்பைக் கறையானோடு சேர்த்து மூவறிவில் வைத்தார். கறையான் கூட்டத்து வேலையாட்களிற் பெரும்பாலானவை குருடு. எறும்பிற் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு. மாணவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. 'கிளை' என்பதும் அங்கே இனம், சுற்றம் என்னும் பொருளது, மரத்தின் கவடன்று. தொல்காப்பியர் பிறப்பின் வழியை ஆராயவில்லை. எந்த உயிர் எந்தப் பொறியால் உலகை அறிகிறது என்று கேட்டார். அது வேறு கேள்வி. நண்டின் கண்ணையும் கறையானின் இருளையும் குனிந்து பார்த்து, ஒரு முறைவைத்து உயிர்களை நிறுத்திய அந்தச் சிந்தனை பெரிது. அதன் பெருமைக்கு இரவல் நகை வேண்டியதில்லை.

பிழையை ஒப்புக்கொண்டால் பெருமை குறையுமோ என்று அஞ்சுவோருக்கு நம் வீட்டுச் சான்று ஒன்று உண்டு. மெகனியூரா பெயர் பெற்ற அதே 1885இல், நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றினார். உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்று கொண்டார். மரபியல் உள்ளிட்ட பின்னான்கியல்களுக்கு அதில் அச்சான உரை பேராசிரியருடையது என்று பின்னர் ரா. இராகவையங்கார் 'செந்தமிழ்' இதழில் எடுத்துக்காட்டினார். தமிழுலகம் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பிள்ளையவர்களின் புகழ் ஓர் அணுவும் குறையவில்லை. அவர் ஏடு திரட்டாவிட்டால் திருத்துவதற்கே ஒன்றும் இராது. வால்கொற் கல் திரட்டாவிட்டால் விற்றிங்ரனுக்கும் வேலை இராது.

நாம் மேடையிற் சொல்லும் பொய்ப்பெருமையை மாணவர் கேட்கின்றனர். அடுத்த பாடவேளையில் விலங்கியல் வகுப்பில் மெய் தெரிந்துவிடுகிறது. அப்பொழுது பிள்ளை ஐயுறுவது ஆசிரியரை மட்டுமன்று, தொல்காப்பியத்தையும். நூலை உயர்த்தப் போய் அதன் நம்பிக்கையை நாமே கெடுக்கிறோம். தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் அருகிவரும் காலத்தில் இது சிறு நட்டமன்று.

என் யோசனை எளியது. மரபியலைக் கற்பிக்கும் நாளில் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு மணிநேரம் ஒரே வகுப்பில் நிற்கட்டும். ஒருவர் அறிவின் வழி வகுத்ததைச் சொல்லட்டும். மற்றவர் பிறப்பின் வழி வகுத்ததைச் சொல்லட்டும். இரண்டும் எங்கே ஒத்தன, எங்கே ஒவ்வவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வர்.

அன்று கேள்வி கேட்ட மாணவன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இக்கட்டுரை அவன் கண்ணிற் படுமாயின், 'பிறகு பார்ப்போம்' என்றதற்கு இதுவே என் விடை. நீ கேட்டது சரி, தம்பி. அன்று யான் சொன்னது பிழை.