ஏழைக்கு இரண்டு அளவுகோலா?

தலித் மாணவி ஒருவருக்கு ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால், பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 20,833 ரூபாய். அப்பா கொத்தனார், அம்மா தூய்மைப் பணியாளர் என்றால் இருவர் கூலியும் சேர்ந்தே வரம்பைத் தாண்டிவிடும். உடனே அந்தக் குடும்பம் 'வசதியானது' ஆகிவிடும்.

அதே ஒன்றிய அரசு 2019-ல் முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு தந்தபோது வைத்த வரம்பு என்ன? 8 லட்சம்! மாதம் 66,000 ரூபாய் வாங்குகிறவர் அங்கே ஏழை. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நம் கொத்தனார் ஏழை இல்லை.

"அது இடஒதுக்கீடு, இது பணம், இரண்டையும் ஒப்பிடலாமா?" என்பார்கள். ஒப்பிடத்தான் வேண்டும். யார் ஏழை என்பதுதானே இரண்டிலும் கேள்வி? சீட்டு கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாவிட்டால் அந்தச் சீட்டு எதற்கு?

"வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டும்" என்பது அடுத்த அறிவுரை. நம் கல்லூரி வளாகங்களில் மாணவர்களுக்குச் சம்பள வேலை எங்கே இருக்கிறது? கேட்டரிங்குக்கும் துணிக்கடைக்கும் போகிறார்கள். வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் நிற்கிறார்கள்.

1944-ல் தொடங்கிய திட்டம் இது. யாரும் போடும் பிச்சை அல்ல, நம் உரிமை. வரம்பை 8 லட்சமாக்கு! கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே கணக்கில் பணம் போடு!

தோழர்களே, ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இந்த இரண்டு எண்களுக்கும் விளக்கம் கேளுங்கள்.