நிலை மேல் சாவி, பீரோவுக்குள் பாலிசி

தை 5-ஆம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைக்கு வருகிறார். அன்று ஊரே தென்பெண்ணை ஆற்று மணலில்தான் இருக்கும். பெங்களூரிலிருந்து வந்த மகன், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் எல்லாரும் கிளம்பியபின் கதவைப் பூட்டும் அம்மா, சாவியை நிலைக்கு மேல் வைத்துவிட்டு நடப்பார். பின்னால் வரும் சின்னவனுக்கு வேண்டுமே! பீரோ சாவி கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கும். இதெல்லாம் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நமக்கு நினைப்பு.

திருடு போய்விடுமே என்றால், "போனாப் போவுது, வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். வீட்டுக்கடன் வாங்கியபோது பத்து இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த தாளைத்தான் சொல்கிறார்கள். களவு போனால் காசு வந்துவிடும் என்ற இந்த நம்பிக்கை, நிலை மேல் வைத்த சாவியைவிட ஆபத்தானது. சாவி எங்கே இருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும். பாலிசிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

பிரித்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த பொதுப் பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் உண்டு. திருட்டும் உண்டு, ஆனால் எப்போது? தீயோ வெள்ளமோ வந்து, அதன் காரணமாகவே ஏழு நாளுக்குள் திருடு போனால். அதாவது ஆறு பெருகி வீட்டுக்குள் புகுந்து, நீங்கள் மேட்டில் ஒதுங்கியிருக்கும்போது திருடன் வந்தால் பணம் கேட்கலாம். நீங்கள் சாமி பார்க்கப் போன நேரத்தில் வந்தால் கிடையாது. நகையும் தானாக அதில் சேராது. கேட்டு, மதிப்பைச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். கடன் கொடுத்த கிளையில் இதை யாராவது உங்களிடம் சொன்னார்களா?

சரி, களவுக்கென்றே தனிப் பாலிசி எடுத்தவர் தப்பித்தாரா? இங்கேதான் அந்தச் சாவி குறுக்கே வந்து நிற்கிறது. பல பாலிசிகளில் களவு என்றால் உடைத்தோ மிரட்டியோ உள்ளே நுழைந்து திருடுவது மட்டும்தான். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பலவந்தமாக நுழைந்த தடயம் இல்லையென்றால், பொருள் போனது உண்மையே ஆனாலும் அந்தப் பாலிசிப்படி பணம் இல்லை. சாதாரண ஆளுக்குப் புரியாத கடுமை இது, நிறுவனங்கள் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இருபது வருஷம் கடந்துவிட்டது. அந்த வாசகம் தாங்கிய பாலிசிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

காவல் நிலையத்தில் எழுத்தர் கேட்பார்: "பூட்டை ஒடச்சிருக்கா?"

"இல்லீங்க சார், சாவி போட்டுத்தான் தொறந்திருக்கான்."

நேர்மையான அந்தப் பதிலோடு க்ளைம் ஆட்டம் கண்டுவிடுகிறது. 'நீயே ஒரு கல்லை எடுத்துப் பூட்டைத் தட்டிவிடேன்' என்று யோசனை சொல்ல தெருவுக்கு ஒரு புத்திசாலி இருப்பார். அவர் பேச்சைக் கேட்டால், நகை போனது போதாதென்று கேஸும் உங்கள் தலையில் விழும்.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று வீடு திரும்புகிறோமே, அதுவும் தப்பு. அது மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு. க்ளைமுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். திருட்டுக்கு மறுநாளே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்து, நகைக்கு ஆதாரம் கேட்பார்கள். பாட்டி போட்டுவந்த அட்டிகைக்கு ஏது பில்? கல்யாண ஆல்பம் ஓரளவு உதவும். அதைவிட உதவக்கூடியது கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் வாங்கிய சீட்டு. என்ன நகை, எத்தனை கிராம் என்று மதிப்பீட்டாளர் எடைபோட்டு எழுதிய தாள் அது. நகையை மீட்ட அன்றே அவமானச் சின்னம்போல அதைக் கிழித்துப் போடுகிறோம்.

'லாக்கரில் வைத்தால் பேங்க் பொறுப்பு' என்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2021 விதிப்படி, லாக்கரில் களவு போனாலும் வங்கி தரவேண்டியது அதிகபட்சம் ஆண்டு வாடகையைப்போல நூறு மடங்கு. வாடகை 2,000 என்றால் 2 லட்சம். அதற்கு இன்று எத்தனை பவுன் வரும் என்று நகைக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனம் மறுத்தால் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதம் பொறுத்துவிட்டு, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அவரும் நீங்கள் படிக்காமல் விட்ட அதே வரியைத்தான் முதலில் படிப்பார்.

கூடுதல் பிரீமியம் கட்டினால் உடைக்காமல் நடக்கும் திருட்டையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. அடுத்த தைக்கு முன் உங்கள் தாளை எடுத்துக்கொண்டு போய், விற்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாவி போட்டுத் திறந்து திருடினா பணம் வருமா?" பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.