காலின் நிறமும் கோழியின் குலமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கோழி வளர்ப்பு புதிதல்ல. மரச்சீனித் தோட்டத்தில் கிளறி மேயும் நாட்டுக்கோழி, அவசரச் செலவுக்கு உதவும் வீட்டுப் பெண்களின் கையிருப்பு. இப்போது 'பான்டம்' எனப்படும் குட்டை அலங்காரக் கோழிகளை வளர்க்கும் ஆர்வமும் கேரளத்தில் பரவியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் காலைப் பார்த்த மாத்திரத்தில் "இது சுத்தம், இது கலப்பு" என்று தீர்ப்புச் சொல்வதை ஏற்க இயலாது.

எல்லாக் கோழிக்கும் பொதுவான 'உயர்ந்த' கால் நிறம் என்று ஒன்று கிடையாது. இங்கிலாந்தில் 1865-இல் கோழிக் கண்காட்சிகளுக்கென விதிநூல் வெளியானது முதல், ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி இலக்கணம் உண்டு. செப்ரைட் பான்டத்துக்குக் கால் சாம்பல் நீலமாக இருக்க வேண்டும். ஜப்பானிய பான்டத்தின் பெரும்பாலான வகைகளுக்கு மஞ்சள். சில்க்கிக்கோ கருநீலக் கால், அதிலும் ஐந்து விரல்கள். ஒன்றில் சிறப்பாவது மற்றொன்றில் குற்றமாகிறது.

பரம்பரை விதியையும் அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தோல் ஓங்கு பண்பு; மஞ்சள் ஒடுங்கு பண்பு. மஞ்சள் பண்பை உள்ளே மறைத்து வைத்திருக்கும் இரு வெள்ளைக்கால் கோழிகளை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு மஞ்சள் காலுடன் பிறக்கும். அதைக் கண்டு தாய்க்கோழி மீது சந்தேகப்படுவது அறியாமை. மஞ்சள் தோலின் அடியில் கருமை படிந்தால் கால் பச்சையாகத் தெரியும். வெள்ளைத் தோலின் அடியில் படிந்தால் நீலமாகத் தெரியும்.

தீவனமும் இதில் சேரும். கீரை, மஞ்சள் சோளம் ஆகியவற்றிலுள்ள நிறச்சத்தே காலை மஞ்சளாக்குகிறது. முட்டையிடும் பெட்டைக்கு அந்தச் சத்து மஞ்சள் கருவுக்குப் போய்விடுவதால் கால் வெளிறும். வெளிறிய காலுக்காகத் தள்ளப்படும் பெட்டை, நன்றாக முட்டையிடும் பெட்டையாகவே இருக்கலாம்.

இன்னொரு செய்தி நம் பகுதிக்கே பெருமை தருவது. வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே என்று டார்வின் கருதினார். ஆனால் மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று, சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக அறிஞர்கள் பங்கேற்ற ஆய்வு 2008-இல் காட்டியது. அந்தப் பறவை தென்னிந்தியக் காடுகளுக்கு உரியது. நெய்யாறு பிறக்கும் அகத்தியர் மலையிலும் வாழ்கிறது. ஆக, உலகமே விரும்பும் மஞ்சள் கால், பழங்காலத்தில் நேர்ந்த ஒரு கலப்பின் கொடை! கலப்பு என்ற சொல்லை ஏளனமாகச் சொல்வோர் இதை நினைவிற் கொள்ளட்டும்.

எனவே சில வேண்டுகோள்கள். கண்காட்சி நடத்துவோர் ஒவ்வொரு இனத்தின் விதிகளையும் முன்கூட்டியே தமிழிலும் மலையாளத்திலும் அறிவிக்கட்டும். நாட்டுக்கோழிக்குத் தனிப் பிரிவு வைத்து, அங்கே கால் நிறத்துக்கு மதிப்பெண் இடாமல் உடல்நலத்துக்கும் குஞ்சு வளர்க்கும் திறனுக்கும் இடட்டும். இனப்பெருக்கம் செய்வோர் நிறம் தவறிய குஞ்சைக் கொல்லாமல், இனவிருத்திக் கூட்டிலிருந்து விலக்கி, முட்டைக்கும் அடைகாக்கவும் வளர்க்கலாம். பெரும் விலை கொடுத்து வாங்குவோர், காலை மட்டும் நம்பாமல் தாய் தந்தைக் கோழிகளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அலங்காரக் கோழி நம் முற்றத்துக்கு அழகு சேர்க்கட்டும். அதற்காக, பல நிறக் கால்களோடு தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்துவரும் நாட்டுக்கோழியைக் கைவிட வேண்டியதில்லை.