உடலால் செய்யும் அறம்

யூத சமயத்தில் ஆண்பிள்ளை 13 வயதிலும் பெண்பிள்ளை 12 வயதிலும் அறக்கடமைகளுக்கு உரியவராகின்றனர். பொருளால் மட்டும் செய்யும் ஈகையினும், பொருளோடு உடலுழைப்பும் சேர்ந்த கருணையே உயர்ந்தது என்பர் அவர்தம் ஞானியர். ஈகை ஏழைக்கே உரியது. கருணையோ செல்வருக்கும் வேண்டுவது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு யூதர் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஷிப் சர்க்கிள்’ இதற்குச் சான்று. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குப் பதின்வயதினர் தோழராகின்றனர். கோடைக்காலப் பகல் முகாம்களில் உடனிருந்து விளையாடுகின்றனர். எவரும் ஆட அழையாத பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவர் வாய்க்கிறார். பெற்றோர் சற்றே இளைப்பாறுகின்றனர்.

அன்பர்களே, உண்டியலில் இடப் பேரப்பிள்ளைகளின் கையில் காசு தருகிறோம், நன்று. அண்டை வீட்டில் தனித்திருக்கும் குழந்தையோடு ஒரு மாலை விளையாடவும் அவர்களை அனுப்புவோம். அதுவும் ஆண்டவன் தொண்டே.