மதுரை வீரன் குதிரையின் முகவார்கள்

பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டக் கோயில்களில் மதுரை வீரனைக் குதிரை மேல் பார்த்துப் பழகியவர்கள் நாம். வெள்ளைக் குதிரை, தூக்கிய முன்னங்கால், முகத்தில் சிவப்புச் சாயம் பூசிய வார்கள். நம்மில் பலருக்குக் குதிரையோடு இருக்கும் பழக்கமே அந்தச் சிமெண்டுச் சிலையோடு சரி. பக்கத்துப் பினாங்கில் 1864இல் தொடங்கிய டர்ஃப் கிளப்பும் 2025இல் பந்தயத்தை நிறுத்திவிட்டது. அந்த வார்கள் அழகுக்காகப் போட்டவை என்று யாராவது நினைத்தால் குறை சொல்ல முடியாது. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

இவை எல்லாம் சேர்ந்ததுதான் கடிவாளம். அதைப் புரிந்துகொள்ளக் குதிரையின் வாயிலிருந்து தொடங்க வேண்டும். குதிரைக்கு முன்னால் வெட்டும் பற்கள், பின்னால் அரைக்கும் பற்கள். இரண்டுக்கும் நடுவே வெறும் ஈறாக ஓர் இடைவெளி. ஆண் குதிரைக்கு அங்கே ஒரு கோரைப்பல் முளைத்திருக்கும். அப்படியும் இடம் மிஞ்சும். அந்த இடைவெளியில், நாக்கின் மேல் குறுக்காகக் கிடக்கிறது ஓர் இரும்பு. பேச்சு வழக்கில் இதையும் கடிவாளம் என்றே சொல்வார்கள். குழப்பம் வராமல் இருக்க இங்கே வாயிரும்பு என்போம். இடைவெளி மட்டும் இல்லாவிட்டால் குதிரை இரும்பைக் கடைவாயில் கடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நாம் எவ்வளவு இழுத்தும் பயனில்லை.

மாட்டுக்கு வாயிரும்பு போடுவதில்லை. தோட்டத்தில் வண்டி இழுத்த காளைக்கு மூக்கின் நடுத்தண்டில் துளையிட்டு மூக்கணாங்கயிறு கோத்தார்கள். குதிரைக்குத் துளை எதுவும் வேண்டாம். ஆனால், துளை இல்லாததால் வாயிரும்பு தானாக நிற்காது. அதைத் தலையிலிருந்து தொங்கவிட வேண்டும். முகத்து வார்களில் பெரும்பாலானவை வருவது இதற்காகத்தான்.

காதுகளுக்குப் பின்னால், தலையின் உச்சியைச் சுற்றிப் போவது உச்சிவார். அதிலிருந்து இரு கன்னங்களிலும் இறங்குபவை கன்னவார்கள். இவை வாயிரும்பின் இரு பக்க வளையங்களில் முடியும். கன்னவாரில் உள்ள பக்கிள்தான் இரும்பு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஓர் ஓட்டை மேலே போனால் வாயோரம் இழுபட்டுப் புண்ணாகும். ஓர் ஓட்டை கீழே போனால் இரும்பு பல்லில் இடிக்கும். குதிரை நாக்கை அதற்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்ளும். வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழுந்தால் அளவு சரி என்பது பழகியவர்கள் பார்க்கும் அடையாளம்.

உச்சிவார் பின்னால் சரிந்து பிடரிக்குப் போய்விடக்கூடாது. அதற்குத்தான் காதுகளுக்கு முன்னால் குறுக்காக நெற்றிவார். சிற்பிகளுக்குப் பிடித்த இடமும் இதுதான். பூவோ பதக்கமோ வைப்பார்கள். அதே உச்சிவார் முன்னால் கழன்று காதுகளைத் தாண்டி விழாமல் பார்த்துக்கொள்வது, தொண்டைக்கு அடியில் போகும் தொண்டைவார். இதை மட்டும் தளர்வாகக் கட்ட வேண்டும். ஒரு கைமுட்டி நுழையும் அளவு இடம் விடுவது வழக்கம். குதிரை கழுத்தை வளைக்கும்போது தாடையும் தொண்டையும் நெருங்கும். இறுகக் கட்டினால் மூச்சு முட்டும். வாயிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு, நெற்றியில் ஒரு கோடு, அத்தோடு முடிந்தது என்று பல சிலைகளில் விட்டுப்போவது இந்த வார்தான். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளின் முகவார்களைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் குதிரையின் முகத்தையும் ஒரு நிமிடம் பார்க்கலாம்.

மூக்கைச் சுற்றி வருவது மூக்குவார். குதிரை வாயை அகலத் திறந்து இரும்பிலிருந்து தப்புவதை அது தடுக்கும். வண்டிக் குதிரைக்கு இவை போக, இரு கண்களுக்கும் பக்கவாட்டில் தோல் மறைப்பு இருக்கும். 'கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி' நேரே பார்க்கிறான் என்கிறோமே, அந்தப் புகழோ பழியோ உண்மையில் சேர வேண்டியது இந்த மறைப்புக்குத்தான்.

மிச்சம் இருப்பது லகான், அதாவது கையில் பிடிக்கும் நீண்ட வார். அது வாயிரும்போடு எப்படிச் சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எளிய வகையில் லகான் இரும்பின் பக்க வளையத்திலேயே மாட்டப்படும். கை எவ்வளவு இழுக்கிறதோ ஏறத்தாழ அவ்வளவே வாயில் தெரியும். இன்னொரு வகையில் இரும்பின் இரு முனையிலும் மேலும் கீழுமாகத் தண்டு இருக்கும். கன்னவார் மேல்முனையிலும் லகான் கீழ்முனையிலும் சேரும். மோவாய்க்கு அடியில் ஒரு சங்கிலி ஓடும். இது நெம்புகோல். மேல்தண்டு 5 செ.மீ., கீழ்த்தண்டு 10 செ.மீ. என்றால், இழுக்கும் விசை சங்கிலியில் சுமார் இரண்டு மடங்காக அழுத்தும். நாக்கிலும் ஈறிலும் அதைவிடக் கூடுதலாக விழும். உச்சந்தலையும் சேர்ந்து அழுந்தும்.

இரண்டாவது வகை கொடுமையானது என்று சிலர் ஒரே அடியாக ஒதுக்குகிறார்கள். பழகிய கைக்கு அதில் ஒரு விரல் அசைவே போதும் என்கிறார்கள் வேறு சிலர். இரும்பே இல்லாமல் மூக்கை மட்டும் அழுத்தும் கடிவாளமும் உண்டு. அதையும் இறுகக் கட்டினால் வலிக்கும். என் கணிப்பில் கருவியைவிடக் கைக்கே பொறுப்பு அதிகம். குதிரை தலையை உதறினால் முரடு என்று சொல்வதற்குமுன், கன்னவார் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.